ஆல்பம் முழுவதையும் தாங்கும் குரல்கள்: உங்கள் பரிந்துரைகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹார்ட் ராக், மெட்டல் ஆல்பங்களில் பாடகரின் குரல் மிகச் சிறப்பாக அமைந்த பத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறேன். ஐந்தோடு நின்றுவிட்டதால் உங்கள் உதவியை நாடுகிறேன். ஒரே பாட்டில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மற்றவற்றில் சோர்ந்துவிடும் ஆல்பங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

ரெயின்போ குழுவின் ‘ரைசிங்’ (1976) ஆல்பத்தில் ரோனி ஜேம்ஸ் டியோ பாடியதற்கே என் பட்டியலில் முதலிடம். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘ஸ்டார்கேஸர்’ பாட்டில், மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும் கோஸி பவலின் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும்போதும் அவர் குரல் அமுங்குவதே இல்லை. கதை சொல்பவராகத் தொடங்கியவர், முடிவை நெருங்க நெருங்க மன்றாடுபவராக மாறிவிடுவதை ஹெட்போனில் கேட்டால்தான் முழுதாக உணர முடிகிறது. ‘ரைசிங்’ ஆல்பத்தைத் தயாரித்த மார்ட்டின் பர்ச்தான், நான் சேர்த்திருக்கும் பிளாக் சப்பாத்தின் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ (1980), அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ (1982) ஆகியவற்றையும் தயாரித்தவர். என் ரசனை ஒரே தயாரிப்பாளரைச் சுற்றி வருகிறதோ என்ற ஐயம் அதனால்தான் எழுந்தது.

மற்ற இரண்டு, ராப் ஹால்ஃபோர்டு பாடிய ‘பெயின்கில்லர்’ (1990), டோரோ பெஷ் பாடிய ‘டிரையம்ப் அண்ட் அகனி’ (1987). பெண் குரல் ஒன்றே ஒன்று இருப்பது எனக்கே உறுத்துகிறது.

எனவே, 1990-க்குப் பின் வந்தவற்றையும் பெண்கள் பாடியவற்றையும் முதலில் பரிந்துரைக்க வேண்டுகிறேன். ஆல்பத்தின் பெயரோடு, எந்தப் பாட்டின் எந்த இடம் உங்களை நிறுத்திக் கேட்கவைத்தது என்பதையும் குறிப்பிட்டால், அங்கிருந்தே கேட்கத் தொடங்குவேன்.