முதல் கேரக்டர் ஷீட் போட்ட அன்னைக்கு நடந்தது: உங்களுக்கு எது இன்னும் மறக்கல?

அரைஎல்ஃப்:

ஆபீஸ் நண்பர் கூப்பிட்டுப் போனேன். டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டரா மேசையில உட்கார்ந்து கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடுற கேம். ஐந்தாம் எடிஷன், 2014 ரூல்ஸ். கேரக்டர் ஷீட்னா நம்ம ஆளோட ஆறு திறனுக்கும் எண் எழுதுற தாள். நாலு டைஸ் உருட்டி, சின்னதைக் கழிச்சு, மீதி மூணைக் கூட்டுற முறை, ஆறு தடவை. எனக்கு விழுந்தது 16, 14, 13, 12, 11, 8. என் ஆள் ஹை எல்ஃப் இனத்து விசார்ட், அதாவது மந்திரவாதி. 16-ஐ இன்டெலிஜென்ஸ்ல வெச்சேன், அது சரி. 8-ஐ எங்க தள்ளுறதுன்னு பார்த்தா 'கான்ஸ்டிட்யூஷன்'னு ஒரு கட்டம். நமக்கு ஸ்கூல் நாள்ல இருந்து கான்ஸ்டிட்யூஷன்னா அரசியல் சட்டம்தானே. காட்டுல வளர்ந்தவனுக்குச் சட்டம் எதுக்குன்னு 8-ஐ அங்க போட்டேன். உடம்பு எவ்வளவு அடி தாங்கும்ங்கிற கணக்கு அதுன்னு எனக்குத் தெரியாது. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துறவர்) ஷீட்டை வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், திருப்பிக் கொடுத்துட்டார்.

விசார்டுக்கு முதல் லெவல்ல 6 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர். கான், அதான் அந்தக் கான்ஸ்டிட்யூஷன், 8-ன்னா அதுல 1 கழியும். ஆக 5. அந்த ஆளுக்காக மூணு பக்கம் கதை எழுதிட்டுப் போயிருந்தேன். காணாமப்போன தங்கச்சியைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பினவன்.

முதல் சண்டையிலயே புதருக்குள்ள இருந்து ஒரு கோப்ளின் அம்பு விட்டுச்சு. டிஎம் 20 பக்க டைஸ்ல உருட்டினது நேரா 20. கிரிட், அடிக்கு உருட்டுற டைஸ் ரெண்டு மடங்கு. ரெண்டு டி6-ல (ஆறு பக்க டைஸ்) 5, 4. கூட 2. மொத்தம் 11. என் 5 போக மிச்சம் 6. மிஞ்சின அடி நம்ம முழு ஹிட் பாயிண்ட் அளவு இருந்தாலே டெத் சேவ்கூட (பிழைக்க உருட்டிப் பார்க்கிற வாய்ப்பு) கிடையாது, ஆள் அங்கயே முடிஞ்சுது. டிஎம் புத்தகத்தைத் திறந்து, அந்த வரி மேல விரலை வெச்சு, ரெண்டு தடவை படிச்சார். பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் என் மினியேச்சரை எடுத்து மெதுவாப் படுக்க வெச்சார். யாரும் பேசல.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த 14-ஐக் கானுக்குக் கொடுத்திருந்தா 8 ஹிட் பாயிண்ட். 11-ல 8 போனா மிச்சம் 3. மயங்கி விழுந்திருப்பான், யாராவது எழுப்பியிருப்பாங்க. ஷீட்டைப் பார்த்துத் தலையாட்டினப்ப அவருக்கு இது தெரிஞ்சிருக்கும்தானே? எனக்கு ஆறாதது அதுதான்.

மேசைமாமா:

உங்க டிஎம் வாயைத் திறக்கல. நான் திறந்து கெடுத்தேன்.

அக்கா பொண்ணுக்கு 11 வயசு. லீவுக்கு வந்திருந்தா. ஷீட்டைக் கொடுத்தேன். விசார்ட்னு எழுதி, இன்டெலிஜென்ஸ்ல 8 போட்டா. ஏன்டான்னு கேட்டேன். "இவளுக்குப் படிக்கத் தெரியாது மாமா. பாட்டி புக்கு வெச்சிருக்கா. அதுல இருக்கிற படத்தைப் பார்த்தே மந்திரம் போடுவா"ன்னு சொன்னா.

விசார்டுக்கு எல்லாமே இன்டெலிஜென்ஸ்தான். 16 இருந்தா ஸ்பெல் சேவ் டிசி, அதாவது மந்திரத்துல இருந்து தப்பிக்க எதிரி எட்டவேண்டிய எண், 13. 8-ன்னா 9. எதிரி பாதிக்கு மேல தப்பிச்சுடுவான். இதையெல்லாம் அவகிட்டச் சொல்லிக்கிட்டே ரப்பரை எடுத்து அழிச்சு, நானே 16-ன்னு எழுதிட்டேன். காமிக்ஸ் மாதிரி ஓரத்துல அந்தப் பாட்டியை வரைஞ்சு வெச்சிருந்தா. ரப்பர் அதுலயும் பட்டு முகம் மங்கிப்போச்சு. தூளை ஊதித் தள்ளிட்டு, "அப்ப இது உங்க ஆளா மாமா?"ன்னு கேட்டா. கோபமா இல்ல, உண்மையாவே தெரிஞ்சுக்கக் கேட்டா.

ராத்திரி படுத்ததுக்கு அப்புறம்தான் தோணுச்சு: சார்சரர்! பிறவியிலயே மந்திரம், படிப்பே வேண்டாம், கரிஸ்மா இருந்தாப் போதும். அவ சொன்ன பொண்ணு புத்தகத்துல அப்படியே இருக்கா. நான்தான் தேடல. காலையில சொன்னேன். "பரவாயில்ல மாமா"ன்னுட்டு கேரம் போர்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

இருபத்தேழுபாயிண்ட்:

ரெண்டு பேருக்கும் சொல்றேன், தப்பு உங்க மேல இல்ல, டைஸ் மேல.

என் கதை சின்னது. எங்க மேசையில ஒருத்தருக்கு 18, 17, 16 விழுந்துச்சு. புதுசா வந்த பையனுக்கு இருந்ததிலயே பெருசு 12. ஆறு மாசம் அவன் டார்ச் பிடிச்சுக்கிட்டே வந்தான். ஒரு நாள் அந்த 18-காரர் கதவை உடைச்சப்ப இவன் தன் ஷீட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சான். அதுக்கப்புறம் வரல.

நாலு டைஸ் உருட்டிச் சின்னதைக் கழிச்சா 18 விழ 1296-ல 21 வாய்ப்பு. மூணே டைஸ்னா 216-ல 1. இந்த அதிர்ஷ்டத்தை வெச்சு ஒருத்தர் மாசக்கணக்கா ஆடப்போற ஆளைத் தீர்மானிக்கலாமா? கூடாது. புதுசா வர்றவங்களுக்குப் பாயிண்ட் பை (பாயிண்ட் கொடுத்துத் திறன் எண்ணை வாங்குற முறை) மட்டும்தான் கொடுக்கணும். கையில 27 பாயிண்ட். எல்லா ஸ்டாட்டும் (திறன் எண்ணும்) 8-ல ஆரம்பிக்கும். 13 வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் 1 பாயிண்ட், 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. 15-க்கு மேல வாங்க முடியாது. மூணு 15 வாங்கினா மூணு 8 மிஞ்சும், 27-உம் காலி. கணக்குப் போட வராதவங்களுக்கு ரெடியா 15, 14, 13, 12, 10, 8 இருக்கு, அதை அடுக்கினாப் போதும்.

அடுத்தது, ஒற்றைப்படை எண். டைஸ் உருட்டுறப்ப கூட்டுறது 12-க்கும் +1, 13-க்கும் +1. 14 வந்தாத்தான் +2. அதனால ரேஸ்ல (எல்ஃப் மாதிரி இனம்) இருந்து வர்ற கூட்டலை ஒற்றைப்படை மேல வைங்க. 2024 ரூல்ஸ் ஆடுறவங்களுக்கு அது பேக்ரவுண்டுல (ஆளோட முன்கதை) இருந்து வருது, ரேஸ்ங்கிற சொல்லையே ஸ்பீஷீஸ்னு மாத்திட்டாங்க, குழப்பிக்காதீங்க. கான் எந்த கிளாஸா (விசார்ட், ஃபைட்டர் மாதிரி வேலை) இருந்தாலும் 12-க்குக் கீழ போகக் கூடாது. ஸ்பெல் போடுறவங்க அடி பட்டும் மந்திரம் கலையாம கான்சென்ட்ரேஷன் தாங்குறதும் கானை வெச்சு உருட்டுற சேவ்லதான். அரைஎல்ஃப், அடுத்த தடவை இன்டெலிஜென்ஸ் முதல்ல, அப்புறம் கான் இல்லன்னா டெக்ஸ் (டெக்ஸ்டெரிட்டி, வேகம்), மீதி எப்படிப் போனாலும் சரி.

மேசைமாமா, நீங்க அழிச்சதுதான் சரி. 9 டிசியோட அந்தக் குழந்தை நாலு செஷன் ஆடியிருந்தா, போடுற மந்திரமெல்லாம் வீணாப் போய் அழுதிருப்பா.

மேசைமாமா:

அழுதிருக்க மாட்டா. பாட்டியோட புக்கைப் பத்தி எனக்கு இன்னும் நிறைய சொல்லியிருப்பா. உங்க கணக்கு எனக்கும் தெரியும், அதே கணக்கை வெச்சுத்தான் அழிச்சேன்.

வடக்குமேசை:

கணக்கு எண்டு சண்டை பிடிக்கிறியள், சரி. நான் பழைய ஆள், சொல்லுறன்.

1987, கனடாவில ஸ்காபரோ. நான் ஊரில இருந்து வந்து எட்டு மாசம். பள்ளிக்கூடத்தில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மேசையில நாலு பெடியள் டைஸ் உருட்டிக்கொண்டிருந்தவங்கள். 1981-ல வந்த டி அண்ட் டி பேசிக் பெட்டி அது. கையால சைகை காட்டி இருக்கச் சொன்னாங்கள். மூண்டு டைஸ், ஆறு தரம், விழுகிற ஒழுங்கிலயே எழுதவேணும். இதை அங்க வை, அதை இங்க வை எண்ட கதை இல்லை. எனக்கு ஸ்ட்ரெங்த் 6, அடுத்த உருட்டு இன்டெலிஜென்ஸ் 13. அப்ப நீ மேஜிக்-யூசர், இப்பத்தைய விசார்ட் மாதிரி, எண்டு சொல்லிப் போட்டாங்கள். அந்த ரூல்ஸில எல்ஃப், ட்வார்ஃப் எண்டதே தனித்தனிக் கிளாஸ். மேஜிக்-யூசருக்கு ஒரு டி4 (நாலு பக்க டைஸ்) ஹிட் பாயிண்ட். உருட்டினன், 1. ஒரு நாளைக்கு ஒரு மந்திரம். பத்து நிமிசத்தில ஆள் ரெடி, பெல் அடிக்கிறதுக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது.

எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச மந்திரத்தின்ர பேர் ஒண்டே ஒண்டு, 'ஸ்லீப்'. அதைத்தான் எடுத்தன். கோப்ளின் கூட்டம் ஒண்டு வழியை மறிச்சுது. நான் அந்தச் சொல்லை மட்டும் சொன்னன். வகுப்பில வாயே திறக்காத நான். டிஎம் ரெண்டு டி8 உருட்டினார், எல்லாக் கோப்ளினும் விழுந்துது. மேசையில இருந்தவங்கள் கையால தட்டின சத்தத்துக்கு அடுத்த மேசைப் பெட்டையள் திரும்பிப் பாத்தவை. அடுத்த கிழமை அந்த ஆள் ஒரு பொறிக்குழியில விழுந்து செத்துப்போனான், 0 எண்டால் அப்ப உடன சாவுதான். நான் அழேல்ல. இன்னொரு தரம் உருட்டினன்.

என்ர மனசில கிடக்கிறது வேற. என்ர ஷீட்டில பேர் எழுதிறதுக்கு எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித் தந்த பெடியன், கோடை விடுமுறையோட வேற ஊருக்குப் போயிட்டான். அவனுக்கு ஒரு நன்றி சொல்லுற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வந்தது அதுக்குப் பிறகுதான்.

இருபத்தேழுபாயிண்ட் தம்பி, 12-தான் பெருசு எண்டு அந்தப் பெடியன் போகேல்ல. பக்கத்தில 18 இருந்தவர் அவனை டார்ச் பிடிக்க விட்டதால போனவன்.

இருபத்தேழுபாயிண்ட்:

அண்ணா, அதை நான் யோசிச்சதில்ல. ஆனா பாயிண்ட் பையா இருந்திருந்தா அந்தப் பிரச்சினையே வந்திருக்காதுங்கிறது என் கருத்து.

கயிறுஏறினவள்:

இங்க எல்லாரும் ஸ்டாட்டை எங்க வைக்கிறதுன்னே பேசுறீங்க. அதை வெச்சு என்ன பண்றதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.

பெங்களூர்ல ஒரு கஃபேல, எனக்கு யாரையும் தெரியாத மேசை. ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 15. 15-க்குப் பக்கத்துல சின்ன வட்டத்துல +2-ன்னு யாரோ எழுதிக் கொடுத்தாங்க. கயிறு பிடிச்சு மதில் ஏறணும், உருட்டுன்னாங்க. 14 விழுந்துச்சு. நான் 14-உம் 15-உம் கூட்டி 29-ன்னு சத்தமாச் சொன்னேன், ஏன்னா ஷீட்டுல பெருசா எழுதியிருந்தது அதுதான். ஒரு நொடி அமைதி. அப்புறம் எதிர்ல இருந்தவர் சிரிச்சார். அதைப் பார்த்து மத்தவங்க. டிஎம் "16, 16, ஏறிட்டீங்க"ன்னு சீக்கிரமாச் சொல்லி அடுத்தவங்ககிட்டப் போயிட்டார். நான் ஏறினேன். ஆனா அன்னைக்கு முழுக்க வேற எண் எதையும் வாய் விட்டுச் சொல்லல, டைஸை டிஎம் பக்கம் திருப்பிக் காட்டினேன். ரெண்டு வருஷம் எந்த மேசைக்கும் போகல.

ஒரே கேள்விதான் இன்னைக்கு வரைக்கும். கூட்டுறது +2 மட்டும்னா, அந்த 15 எதுக்கு?

இருபத்தேழுபாயிண்ட்:

ஸ்கோர்ல 10 கழிச்சு, பாதியாக்கி, கீழ்ப்பக்கமா முழு எண்ணாக்கினா மாடிஃபையர், அதாவது டைஸோட கூட்டுற எண். 15-10=5, பாதி 2.5, ஆக +2. கூட ஃபைட்டருக்கு அத்லெட்டிக்ஸ் தேர்ச்சி எடுத்திருந்தா இன்னொரு +2, மொத்தம் 18 வந்திருக்கும். அதை எடுத்தீங்களா?

கயிறுஏறினவள்:

எப்படிக் கணக்குப் போடுறதுன்னு இப்ப தெரியும். எதுக்குன்னுதான் கேட்டேன்.

வடக்குமேசை:

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நாங்கள் ஆடினபோது அந்த 15-க்கே வேலை இருந்தது. கயிறு ஏறுறது மாதிரி ஏதும் வந்தால் டி20 உருட்டி, உங்கட ஸ்கோருக்குச் சமனா, இல்லாட்டிக் கீழ விழவேணும். 1981 ரூல்ஸில டிஎம்முக்கு அப்பிடி ஒரு வழி சொல்லிக் கிடக்கு. ஸ்கோர் பெரிசெண்டால் கீழ விழுகிற இடமும் பெரிசு. பிறகு கூட்டிற முறை வந்திட்டுது, ஷீட்டில பழைய எண் அப்பிடியே நிண்டிட்டுது.

கயிறுஏறினவள்:

அப்ப 15-க்கு 14 விழுந்தா?

வடக்குமேசை:

ஏறிட்டியள்.