உடற்கல்வி வகுப்பில் வினவிக் கற்றல்: மணல் தரையில் எப்படித் தொடங்குவது?

கேள்வி: மண்டபம் பகுதி உடற்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்திற்கு அருகில் கடலோரக் கிராமம் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அண்மையில் கலந்துகொண்ட பணியிடைப் பயிற்சி ஒன்றில், ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல், மாணவர்களே கேள்வி எழுப்பிச் சோதித்து முடிவுக்கு வரும் வினவிக் கற்றல் முறையை எல்லாப் பாடங்களிலும் கையாள வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அறிவியலிலிருந்தும் சமூக அறிவியலிலிருந்துமே வந்தன. உடற்கல்விக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, "நீங்களே யோசியுங்கள், அதுவும் வினவிக் கற்றல்தான்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

என் நிலைமை இதுதான். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் வரிசையில் நிற்பதிலும் பந்து எடுத்து வருவதிலும் போய்விடும். மைதானத்தில் பாதி மணல், மீதி இறுகிய தரை. ஓரமெங்கும் சீமைக் கருவேல முள். எட்டாம் வகுப்பில் "உடற்பயிற்சி செய்தால் உடலில் என்ன மாற்றம் நிகழ்கிறது?" என்று கேட்டேன். "உடல் வலிமை பெறும் சார்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் பந்தைப் பார்த்தார்கள். நான் எங்கே தவறினேன்?

மறுமொழி 1: தொண்டி, ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்

தம்பி, தவறு மாணவர்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. நீங்கள் கேட்டது பாடப்புத்தகம் விடை சொல்லும் கேள்வி. ஆகவே புத்தக விடைதான் வந்தது. உடற்கல்வியில் ஒரு கேள்வி நல்லதா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தப் பாடவேளை முடிவதற்குள் மாணவனின் உடலே அதற்கு விடை சொல்ல முடியுமா?

உங்கள் மைதானத்தில் பாதி மணல் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். அதையே கேள்வியாக்குங்கள். மணலில் ஐம்பது மீட்டர், இறுகிய தரையில் ஐம்பது மீட்டர், ஒரே வேகத்தில் ஓடச் சொல்லி, எதில் நாடித்துடிப்பு கூடுதல் என்று எண்ணச் சொல்லுங்கள். ஓடி நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் துடிப்பு இறங்கிவிடும், எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் விடையில் நான்கு பிசகும். முதல் முறை கணக்குகள் தாறுமாறாகத்தான் வரும், வரட்டும். "நான் மணலில் இரண்டாவதாக ஓடினேன், ஏற்கெனவே களைத்திருந்தேன், அதனால்தான் கூடியது" என்று ஒருவன் வாதிடுவான். அந்த வாதம் வரும் வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பிறகு பாதிப் பேர் மணலில் முதலிலும் மீதிப் பேர் தரையில் முதலிலும் ஓடட்டும், இடையில் போதிய ஓய்வு எடுக்கட்டும் என்ற திட்டத்தை அவர்களே வகுப்பார்கள். மணலில் ஓடுவதற்கு இறுகிய தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கால் புதையும்போது நம் உழைப்பில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே கழிந்துவிடுகிறது. ஆனால் இந்த எண்ணைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

இது புதிய சரக்கும் அல்ல. 1966-லேயே மாஸ்டன் என்பவர் உடற்கல்விக் கற்பித்தல் பாணிகளை வகைப்படுத்தியபோது, ஆசிரியரின் கேள்விகளைப் பற்றிக்கொண்டே மாணவர் விடையைக் கண்டடையும் பாணிக்கும் அதில் இடமளித்தார். 1982-இல் பங்கர், தார்ப் என்ற இரு ஆங்கிலேயர்கள், நுணுக்கத்தைப் பழக்கிவிட்டு ஆட்டத்திற்குப் போவதற்குப் பதிலாக, ஆட்டத்தைப் புரியவைத்துவிட்டு நுணுக்கத்திற்கு வரலாம் என்று எழுதினார்கள். கபடியில் நான் அதையே செய்தேன். களத்தில் மூவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது கைகோத்து நிற்பதா, பிரிந்து நிற்பதா என்று கேட்டு, இரண்டையும் பத்துப் பத்து முறை ஆடி எழுதிவைக்கச் சொல்வேன். பிடிக்கும் நுணுக்கத்தைக் கற்றுத் தாருங்கள் என்று அவர்களே கேட்டு வந்தது அதன்பிறகுதான்.

மறுமொழி 2: கீழக்கரைப் பக்கம், நடுநிலைப் பள்ளி ஆசிரியை

ஐயா சொன்னது விளையாட்டுக்கு முழுவதும் பொருந்தும். நலக்கல்விப் பகுதியைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். முன்பு பணியாற்றிய இடத்தில், காலை முதல் மாலை வரை எத்தனை குவளை தண்ணீர் குடித்தோம் என்று ஒரு வாரம் ஒவ்வொருவரும் குறித்துவர வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் சொன்னேன். தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் குடிக்கவில்லை என்ற விடையைத்தான் எதிர்பார்த்திருந்தேன், நம் பகுதியில் அது இயல்புதானே. ஆனால் அதே குடத்துத் தண்ணீரை மாணவர்கள் குடித்திருக்க, மாணவிகளின் தாளில் பெரும்பாலும் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்றே இருந்தது. ஏன் என்று குழுவாக எழுதச் சொன்னபோது, ஒரு குழுவினர் நான்கே சொற்களில் எழுதிக் கொடுத்தார்கள்: "கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை."

தாளைப் பார்த்த தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது, பத்து நாளில் தாழ்ப்பாளும் வந்தது. அடுத்த மாதம் பிள்ளைகள் மறுபடியும் எண்ணினார்கள், கூடியிருந்தது. ஆகவே நலக்கல்வியில் இந்த முறையைக் கையாள நினைப்பவர், விடை பள்ளியையே சுட்டக்கூடும் என்பதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்காமலேயே இருந்துவிடலாம். கேட்டுவிட்டு மூடிமறைப்பது அதைவிடக் கேடு.

மறுமொழி 3: இராமநாதபுரம், அறிவியல் ஆசிரியர்

இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டே ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஒன்றும் அறியாத மாணவரிடம் எல்லாவற்றையும் நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டால் கற்றல் நிகழாது என்று 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் வாதிட்டது இன்றும் பேசப்படுகிறது. சில செய்திகளை நேரடியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெயிலில் மயங்கியவனை நிழலுக்குத் தூக்கிச் சென்று உடலை நனைத்துக் குளிர்விப்பது, பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழைப்பது, ஆள் துணையில்லாமல் கடலில் இறங்காதிருப்பது ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்துக் கற்க முடியாது.

உப்புச் சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு கேள்விக்கு இடம் தாராளமாக உண்டு. உப்பு நீருக்குள் சர்க்கரை எதற்கு? குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. இதைச் சொன்னதும் எங்கள் பள்ளியில் ஒரு மாணவி, "எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே உப்பாயிற்றே, அதிலும் அரைத் தேக்கரண்டி போடலாமா?" என்று கேட்டாள். கூடாது, உப்பு மிகுந்தால் தீங்காகிவிடும், குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தக் கேள்வி எனக்கு முன்பு தோன்றியதில்லை.

கேட்டவரின் பதில், இரண்டு வாரத்திற்குப் பின்

மூவருக்கும் நன்றி. நாடித்துடிப்புச் சோதனை முதல் நாள் படுதோல்வி. பாதிப் பேருக்கு நாடியே அகப்படவில்லை, ஒருவனுக்கு நிமிடத்திற்கு இருபத்தெட்டு என்று வந்தது. ஐயா சொன்னபடியே வாயைத் திறக்காமல் நின்றேன், அதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

கயிறு இழுத்தலில் நிலைமை மாறியது. இரு பக்கமும் எட்டுப் பேர், எடை ஏறத்தாழச் சமம். ஒரே அணி மூன்று முறையும் வென்றது. "அவர்கள் நிற்கும் பக்கம் மணல் ஈரமாக இருக்கிறது, குதிகால் நன்றாக ஊன்றுகிறது" என்று தோற்றவர்கள் சொல்ல, பக்கம் மாற்றினோம். அப்போதும் அவர்களே வென்றார்கள். பிறகுதான் அவர்களில் ஐந்து பேர் விடுமுறை நாளில் கரைவலை (கடலில் வளைத்து விட்டுக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை) இழுக்கப் போகிறவர்கள் என்பதை வகுப்பு கவனித்தது. அவர்கள் கையால் இழுப்பதில்லை. இடுப்பைத் தாழ்த்தி, முதுகைச் சாய்த்து, குதிகாலைப் புதைத்துக் காலால் தரையைத் தள்ளுகிறார்கள். மற்ற அணி அதைப் பார்த்து அப்படியே நின்றபோது, ஐந்தாவது இழுப்பு முடிவுக்கு வராமலேயே மணி அடித்துவிட்டது.

மறுநாள் அந்த ஐவரில் ஒருவன் கேட்டான்: "சார், கரைவலையில் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை, மீனும் அவ்வளவு கனமில்லை. பிறகு எது நம்மை இழுக்கிறது?" வலைக்குள் நிற்கும் தண்ணீர் என்று சிலரும், நீரோட்டம் என்று சிலரும் சொல்கிறார்கள். கயிற்றின் இழுவிசையை அளக்கும் அளவுக்குப் பெரிய சுருள்வில் தராசு யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தர இயலுமா?