சினாப்டிக் புரூனிங்: 'நரம்பிணைப்புக் கவாத்து' எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வளரிளம் பருவத்தினரின் மூளை எவ்வாறு கற்கிறது என்பதை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு விளக்கும் பயிற்சிக் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். அதில் வரும் சினாப்டிக் புரூனிங் (மூளையின் நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளில் பயன்படாதவை மறைந்துபோவது) என்பதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட 'நரம்பிணைப்பு நீக்கம்', 'களையெடுப்பு' ஆகிய இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்த பீட்டர் ஹட்டன்லாக்கர், ஓரிரு வயதுக் குழந்தையின் மூளை முன்மடலில் நரம்பிணைப்புகளின் அடர்த்தி பெரியவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருப்பதையும், 16 வயதுக்குள் அது படிப்படியாகக் குறைந்துவிடுவதையும் 1979-இல் வெளியிட்டார். குறைந்துபோனவை பழுதானவை அல்ல; அடிக்கடி பயன்படும் இணைப்புகள் உறுதிப்பட, பயன்படாதவை மெலிந்து மறைகின்றன. களையோ முளைத்திருக்கவே கூடாத செடி. ஆகவே 'களையெடுப்பு' பொருளையே திரித்துவிடுகிறது.

'நீக்கம்' என்ற சொல்லைப் பயிற்சி வகுப்பொன்றில் நானே பயன்படுத்திப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த கணித ஆசிரியை குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்படியானால் ஒன்பதாம் வகுப்புக்குள் பிள்ளைக்குப் பிடிபடாதது இனி வரவே வராதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உலுக்கியது, ஏனெனில் கற்கும்போது இணைப்புகள் மாறுவதும் புதிதாய்த் தோன்றுவதும் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன. 'நீக்கம்' இழப்பை மட்டுமே காதில் போடுகிறது. பிறகு கொய்யா மரத்தைக் கவாத்து செய்வதை, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவதைச் சொன்னேன். "வெட்டிவிட்டால்தானே சார் புதுத் தளிரில் காய் பிடிக்கும்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் முடித்துவைத்தார். கவாத்தில் போவதும் மரத்தின் கிளைதான், வெட்டிய பிறகும் மரம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்னும் இரண்டு உண்மைகளும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ('கழித்தல்' என்பதும் ஊர்ப்புறத்தில் வழங்கும் நல்ல சொல்லே, ஆனால் பள்ளிக்கூடத்தில் அது கணக்குக்குப் போய்விட்டது.)

கவாத்து என்றால் காவலர் அணிவகுப்புப் பயிற்சி அல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 'நரம்பிணைப்பு' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: கவாத்துக்குக் கத்தி பிடிக்கும் கை ஒன்று வேண்டும், ஆசிரியர் அந்தக் கையைத் தம் கையாகவே எண்ணிவிடக் கூடாது. மூளையில் இந்த வேலையில் பங்கெடுப்பவை மைக்ரோகிளியா என்னும் செல்கள். எந்த இணைப்பு அடிக்கடி பயன்படுகிறது என்பதில்தான் வகுப்பறைக்குப் பங்கு உண்டு. எனவே வினையாக வரும் இடங்களில் 'கவாத்து செய்தல்' என்னாமல் 'கவாத்தாதல்' என்று தன்வினையாகவே எழுத விரும்புகிறேன்: "வளரிளம் பருவத்தில் நரம்பிணைப்புகள் கவாத்தாகின்றன."

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இச்சொல் 'கவ்வாத்து' என்று வழங்குகிறது. இரண்டு வடிவங்களில் எதைக் கையேட்டில் நிலைநிறுத்தலாம் என்று அங்குள்ள உறுப்பினர்கள் சொன்னால் அதன்படியே திருத்திக்கொள்கிறேன்.