புதுப்பிப்பு: மகளின் கல்லூரி விசிட் முடிந்தது

என் மகள் நீச்சல் வீராங்கனை, இங்கே அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு. ஒரு கல்லூரி அஃபிஷியல் விசிட்டுக்கு, அதாவது தன் செலவில் வந்து பார்க்கும்படி, கூப்பிட்டிருக்கிறது, அப்படியென்றால் ஆஃபர் (உதவித்தொகையோடு அணியில் இடம்) உறுதியா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தோம். ஆஃபர் இன்னும் வரவில்லை.

அவர்கள் செலவில் கூப்பிடுகிறார்கள் என்றால் அக்கறை இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாணவர் ஐந்து கல்லூரிகளுக்குத்தான் இப்படிப் போகலாம் என்ற வரம்பை, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதனால் இப்போது பிள்ளைகள் நிறைய இடங்களுக்குப் போய்வருகிறார்கள்.

மகள் கோச்சிடம் நேராகவே கேட்டாள்: "200 பட்டர்ஃப்ளையில் உங்களுக்கு எத்தனை பேர் தேவை? நான் எத்தனாவது?" அவர் தயங்கவில்லை. அணியின் நேரப் பட்டியலைத் திறந்து, இந்த வருடம் படிப்பு முடித்துப் போகிறவர்களை விரல்வைத்துக் காட்டினார். அவளுக்கு மேலே இன்னும் இரண்டு பேர் பரிசீலனையில் இருக்கிறார்களாம். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற கோச் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்புறம் ஒன்று: வாய்வழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. மாணவரையும் கல்லூரியையும் கட்டுப்படுத்திய பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தமும் 2024இல் போய்விட்டது. உதவித்தொகை ஒப்பந்தம் எழுத்தில் வந்து கையெழுத்தாகும்வரை மற்ற கோச்சுகளின் மின்னஞ்சல்களுக்கும் பதில் போட்டுக்கொண்டே இருங்கள். நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.