டயாலிசிஸ் வருவதற்கு முன்பே சிறுநீரக மாற்றுக்கு ஓடத் தொடங்கலாமா? (அம்மாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 19)

செட்டிகுளத்தான்:
வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. நாங்கள் செட்டிகுளம் பக்கம், கமம்தான் தொழில். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரஷர் மட்டும் கொஞ்சம். இந்தப் பக்கம் பலருக்கு வந்திருக்கிற, காரணம் தெரியாத கிட்னி வருத்தம்தான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் போன வருடம் 2.1, இப்போது 2.8. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்ணான ஈஜிஎஃப்ஆர், ரிப்போட்டில் 19 என்று போட்டிருக்கிறது. ஆனால் ஆள் நல்லாத்தான் இருக்கிறார். சமையல், கோழி, தோட்டம் எல்லாம் அவர்தான்.

"டயாலிசிஸ் தொடங்கட்டும், அதுக்குப் பிறகு மாத்துறதைப் பாப்பம்" என்கிறார் மாமா. அப்பா, நான், தங்கச்சி மூன்று பேருமே கொடுக்கத் தயார். இப்போதே போய்க் கேட்டால் டொக்டர் சிரிப்பாரோ என்று கூச்சமாக இருக்கிறது.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள்.

நான் என் மனிசனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தவள். கண்டியில் செய்தார்கள். அவர் ஒரு நாள்கூட டயாலிசிஸ் கட்டிலில் படுக்கவில்லை. அவருக்கு ஈஜிஎஃப்ஆர் எண் 20க்குச் சற்று மேலே இருந்தபோதே ஓடத் தொடங்கினோம், 11க்கு வந்தபோது சத்திரசிகிச்சை. இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்த ஒரு வருடம் எங்கே போகிறது என்றுதான் உங்கள் மாமாவுக்குத் தெரியவில்லை.

மாற்றுக்கான பரிசோதனையைத் தொடங்குவது வேறு, மாற்றைச் செய்வது வேறு. டயாலிசிஸ் தேவைப்படும் என்று எதிர்பார்க்கிற நாளுக்குக் குறைந்தது 6 முதல் 12 மாதத்துக்கு முன்பே மாற்றுக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்று கேடிகோ என்ற உலகளாவிய சிறுநீரக நோய் அமைப்பின் 2020 வழிகாட்டலே சொல்கிறது. சத்திரசிகிச்சையை அநேகமாக எண் 10க்குக் கீழே வரும்போது செய்வார்கள், உடம்பு தாங்காவிட்டால் அதற்கு முன்பே. ரொம்ப முந்திச் செய்தாலும் நட்டம்தான், சொந்தக் கிட்னி இன்னும் வேலை செய்யும்போதே வாழ்நாள் மருந்துக்குள் போய்விடுவோம். உங்கள் அம்மாவின் கணக்கைப் பாருங்கள்: 54 வயதுப் பெண்ணுக்கு 2.1 என்றால் எண் 27 அளவில் இருந்திருக்கும். ஒரு வருடத்தில் 8 போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால் 10க்கு வர ஒரு வருடம்தான். அப்போ இன்றைக்குத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

பரிசோதனை என்றால் ஒரு ரத்தம் குத்தி முடிகிற வேலை இல்லை. இதயத்துக்கு எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, பல், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. கொடுக்கிறவருக்கு அதைவிடக் கூட. ஒன்றில் சின்னக் குறை வந்தாலும் திருத்தி மறுபடி பார்ப்பார்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் போய் வந்தே எங்களுக்குக் கண்டி பழகிவிட்டது.

வன்னிக்காரருக்கு இன்னும் சில விசயம் இருக்கிறது, இதை ஒருவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதலாவது, ரத்தம். 2009 போரில் காயப்பட்டு அம்மாவுக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் பிறபொருளெதிரிகள் உருவாகி, பின்னால் கிடைக்கிற சிறுநீரகத்தை எதிர்க்கலாம். பிள்ளைப்பேறும் அப்படித்தான். உங்களையும் தங்கச்சியையும் சுமந்ததால் அப்பாவின் இழையத்துக்கு எதிராகவே அம்மாவின் உடம்பில் எதிர்ப்பு இருக்கக்கூடும். அதனால் கொடுக்க மூன்று பேர் இருந்தும் குரொஸ் மெச்சில், அதாவது இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனையில், ஒருவரும் தேறாமல் போகலாம். இது எண் 19இல் தெரிந்தால் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கும், 8இல் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இனியும் ரத்தம் குறைந்தால், முடிந்தவரை ரத்தம் ஏற்றாமல், ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசியால் சமாளிக்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள்.

இரண்டாவது, கிணறு. நீங்கள் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே வயலில் நின்றவர்கள். கொடுக்கப்போகிறவரின் சிறுநீரகமும் உண்மையில் நல்லாத்தான் இருக்கிறதா என்று கடுமையாகப் பார்ப்பார்கள். கோபப்படக் கூடாது.

மற்றது பத்திரம். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் கேட்டார்கள். எங்களுடைய கலியாணப் பதிவு இடப்பெயர்வில் போனது, பிரதி எடுக்க அலைந்த அலைச்சல் தனிக் கதை. அதை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

முல்லை_அண்ணை:
அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் டயாலிசிஸில் இருக்கிறவன், வாரத்தில் மூன்று நாள் அதற்கே போகிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாற்றுக்கு ஓடுகிறோம் என்று பிஸ்டியுலாவை மறந்துவிடாதீர்கள். அது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைப்பது. அந்த இணைப்பைச் செய்து, ஊசி குத்தும் அளவுக்கு அது முதிர வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். அது இல்லாமல் அவசரம் வந்தால் கழுத்தில் குழாய் போடுவார்கள், கிருமி தொற்றும். அம்மா வலக்கைப் பழக்கமென்றால் இடக்கையில் ரத்தம் குத்தவோ சேலைன் ஏற்றவோ விடாமல் இப்போதிருந்தே பாதுகாருங்கள். மூட்டு நோவுக்கு டைக்ளோபெனாக் விழுங்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஆள் பிடித்துத் தருகிறோம், இவ்வளவு லட்சம் என்று தரகர் வருவான். பக்கத்தில் விடாதீர்கள். பணத்துக்கு உறுப்பு வாங்குவது சட்டப்படி குற்றம்.

செட்டிகுளத்தான்:
நன்றி அக்கா, அண்ணை. அம்மாவுக்கு 2009இல் செல் (எறிகணை) காயம், முல்லைத்தீவில் ரத்தம் ஏற்றினார்கள் என்று இப்போதுதான் அப்பா சொன்னார். வீட்டில் யாரும் அதைக் கிளினிக்கில் சொன்னதில்லை.

இன்னொரு கேள்வி. தங்கச்சிக்கு 22 வயது, கலியாணம் ஆகவில்லை. அவள்தான் முதல் ஆளாக நிற்கிறாள். கனடாவில் இருக்கிற சித்தியும், அம்மாவின் கூடப்பிறந்தவர், தானே தருவதாக நேற்று போனில் சொன்னார். யாரை முதலில் பார்ப்பது?

நெடுங்கேணி அக்கா:
சித்தியை. ஒரே தாய் தகப்பன் என்றால் இழைய வகை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைக்கு எப்போதும் பாதிதான். தங்கச்சிக்கு இனிமேல்தான் பிள்ளைப்பேறு, முன்னால் நீண்ட ஆயுள். அந்த வயதில் கொடுப்பவரை டொக்டர்மாரே தயங்கித்தான் பார்ப்பார்கள். அவளைக் கடைசிக்கு வையுங்கள், அவள் அழுதாலும்.

சித்தி அங்கேயே ரத்த குறூப், சீனி, பிரஷர், சிறுநீரில் புரதம் பார்த்து ரிப்போட்டை அனுப்பட்டும். குறூப் பொருந்தினால் இழைய வகையையும் அங்கேயே பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் குரொஸ் மெச்சுக்கு இருவருடைய ரத்தமும் ஒன்றாக வேண்டும், அதற்கு அவர் இங்கே வரத்தான் வேண்டும். கொடுத்த பிறகு வேலைக்குத் திரும்ப 4 முதல் 6 கிழமையாவது ஆகும், பாரம் தூக்குகிற வேலையென்றால் இன்னும் கூட. லீவைப் பற்றி வேலையிடத்தில் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.