மாவும் சாயமும் வீட்டுக்குள்ள தேவையா?

செங்காங்_அம்மா:
இங்க சிங்கப்பூர்ல பாலர் பள்ளியில கே1 (அஞ்சு வயசு வகுப்பு) படிக்கிற மகளுக்கும் மூணு வயசுப் பையனுக்கும் வீட்டிலேயே மாவு பிசையவும், சாயம் கலக்கவும், அட்டைப்பெட்டி வெட்டவும் கொடுப்பேன். "அதுக்குத்தான் பாலர் பள்ளி இருக்கே, வீட்டை ஏன் குப்பையாக்குற"ன்னு தோழி ஒருத்தி கேட்டா. எனக்கு அது சரியாப் படலை. போன வாரம் மஞ்சத்தூளைத் தண்ணியில கரைச்சு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டோம். குப்புன்னு சிவந்துச்சு. ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு செய்யற அதே வேலைதான். மகள் அதுல எலுமிச்சையைப் பிழிஞ்சா. நுரை பொங்கி மறுபடி மஞ்சளாச்சு. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை"ன்னு பழம் தீர்ற வரைக்கும் விடலை. அதுக்குள்ள சின்னவன் ரெண்டு கையையும் விட்டு எடுத்துச் சுவத்துல அப்பிட்டான். இந்தச் சந்தோஷத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. நீங்க எல்லாம் என்ன நினைக்கிறீங்க?

ஈசூன்_வாசி:
அக்கா, உங்க சுவர், உங்க இஷ்டம். எங்களுது மூவறை வீடு. பகல்ல பிள்ளையைப் பார்த்துக்கிறது 72 வயசான எங்க அம்மா. சோளமாவுல தண்ணி கலந்து கொடுத்தா அது தரையில சிந்தாம இருக்காது. தரை ஓடு எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கும். அந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா என்ன பாடுன்னு எங்க குடும்பத்துல பார்த்தாச்சு. இன்னொண்ணும் கேக்கணும். இதை ஆசையாப் பேசுற பல வீடுகள்ல கடைசியில துடைக்கிறது யாரு? பணிப்பெண்தானே? அவங்க உழைப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

செங்காங்_அம்மா:
எங்க வீட்டில பணிப்பெண் இல்லை தம்பி. துடைக்கிறது நானும் பிள்ளைங்களும்தான், அதுவும் எங்களுக்கு விளையாட்டுல சேர்த்தி. சாய வேலையைக் குளியலறைக்குள்ளேயே வச்சுக்கிட்டா தண்ணி ஊத்தின உடனே முடிஞ்சிடும். மாவை மட்டும் அங்க கழுவி விடாதீங்க, குழாய் அடைச்சுக்கும். காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில போடணும். பாட்டி தனியா இருக்கிற நேரம் ஈர வேலை வேண்டாம்னு நீங்க சொன்னா நானும் அதையேதான் சொல்வேன். ஆனா அது நேரம் பார்த்துச் செய்யறதுக்குக் காரணம், அறவே விடறதுக்கு இல்லை.

பிடோக்_பெரியம்மா:
அழுக்கைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லைம்மா. அரிசிக்கும் பருப்புக்கும் சாயம் ஏத்தித் தட்டு தட்டாக் கொட்டி அளைய விடுறாங்களே, அதுதான் பொறுக்கலை. ஜப்பான்காரன் காலத்துல, 1942லேர்ந்து 45 வரைக்கும், மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் பிழைச்ச ஊர் இது. கீழே விழுந்த பருக்கையை எங்க அம்மா எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவாங்க. முட்டை அட்டை இருக்கு, பழைய தமிழ் முரசு பேப்பர் இருக்கு. அதுல செய்யுங்க, யாரு வேண்டாம்னா?

செங்காங்_அம்மா:
பெரியம்மா, அரிசி விஷயத்துல உங்க பக்கம்தான் நான். எங்க வீட்டில அரிசியைத் தொடறதில்லை.

பாலர்பள்ளி_டீச்சர்:
பள்ளியில எல்லாம் நடக்குதுன்னு நினைக்கிறவங்களுக்கு உள்ளே இருந்து சொல்றேன். கே1ல 20 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், கே2ல 25. அத்தனை பேர் கையிலயும் ஒரே நேரத்துல சாயத்தைக் கொடுக்க முடியாது. அதனால நிறைய நேரம் நாங்களே வெட்டிவச்ச மயிலுக்குப் பிள்ளை கண்ணை மட்டும் ஒட்டும். அழகா இருக்கும், அம்மாக்கள் சந்தோஷப்படுவாங்க. அதுல பிள்ளை முடிவு பண்ணினது எதுவுமில்லை. வீட்டிலயும் அப்படித்தான்: தீபாவளி விளக்கை அம்மா செய்து பிள்ளை பெயரைப் போட்டு அனுப்பினா எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடும். கோணலா, பசை வழிஞ்சு வர்ற விளக்கைத்தான் நான் முன்னால மாட்டுவேன்.

ஆபத்தையும் சொல்லிடறேன். தண்ணியில ஊறிப் பெருக்கிற வண்ண மணிகளைச் சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ளயே கொண்டுவராதீங்க. விழுங்கினா குடல்ல ஊதி அடைச்சுக்கும். வெண்காரம் (போராக்ஸ்) போட்ட ஸ்லைமும், அதான் கொழகொழன்னு இழுத்து விளையாடுற பசை, வேண்டாம். பச்சை மாவுல கிருமி இருக்கலாம், வாயில போட விடக்கூடாது.

ஈசூன்_வாசி:
டீச்சர், அது பள்ளிகளோட குறை. அதை ஏன் ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு வர்ற பெற்றோர் தலையில கட்டணும்? எனக்குப் பிள்ளை அழுக்காகக் கூடாதுன்னு இல்லை, வீட்டுக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றேன். சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். மணல், தண்ணி, குச்சி, எல்லாம் இருக்கு. துடைக்கவும் வேண்டாம்.

செங்காங்_அம்மா:
அது சனிக்கிழமைக்குச் சரி தம்பி. மத்த நாளுக்கு? நாம சின்ன வயசுல அடுக்குமாடி புளோக் கீழே இறங்கினா விளையாட்டிடத்துல மணல் இருந்துச்சு. 1990களிலேர்ந்து விளையாட்டிடம் எல்லாம் ரப்பர் தரையாயிடுச்சு. தோ பாயோவுல இருக்கிற பழைய டிராகன் விளையாட்டிடம் மாதிரி ஒண்ணு ரெண்டுலதான் மணல் மிச்சம். மண்ணும் சேறும் வாசலை விட்டுப் போனதாலதான் அதை வீட்டுக்குள்ள கொண்டுவரச் சொல்றேன். இல்லாட்டி அந்த நேரத்தை எடுத்துக்கப் போறது கைப்பேசி. 18 மாசத்துலேர்ந்து 6 வயசு வரைக்கும், பள்ளி நேரம் போக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளதான் திரைன்னு சுகாதார அமைச்சே சொல்லியிருக்கு. மாவு பிசையறப்போ நாங்க முழுக்கத் தமிழ்லதான் பேசிக்கிறோம், அது எனக்குப் பெரிய லாபம்.

ஈசூன்_வாசி:
மணல் போனதைச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை. இருந்தாலும் ஈர வேலைக்கு எங்க வீட்டில இடமில்லை. உருட்டிச் செய்யறது, மேசையோட நிக்கிறது ஏதாவது இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நான் வீட்டில இருக்கிறப்போ பார்க்கலாம்.

பாலர்பள்ளி_டீச்சர்:
உப்பு மாவு செய்யுங்க. மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணி 1 கப்புக்குக் கொஞ்சம் குறைவா ஊத்திப் பிசைஞ்சு பார்த்துக்கங்க. தண்ணி கூடினா கையில ஒட்டும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு வெளியே காயவச்சா பூசணம் பிடிக்கும். மெல்லிசாத் தட்டி ஓவன்ல 100 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் வைங்க. எடுத்த பிறகும் உப்பு ஈரத்தை இழுக்கும், டப்பாவுல மூடி வைக்கணும். உங்க அம்மாவையும் பக்கத்துல உட்காரவைங்க. கொழுக்கட்டை பிடிச்ச கை, பிள்ளைக்கு உங்களைவிட நல்லாச் சொல்லிக்கொடுக்கும்.