ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு, எத்தனை கார்?

வாடகைவாசி:
நேற்று எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் போட்ட செய்தியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "2019-இல் அரசு எஃப்எஸ்ஐயை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5-லிருந்து 2 ஆக்கியதே போதும், சென்னையில் வீட்டுப் பஞ்சம் தானாகத் தீரும், இனி விதியில் கைவைக்க வேண்டியதில்லை" என்கிறார். தீர்ந்ததா? எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், பழைய வீடு ஒன்று இருந்தது. கீழே ஓனர், பின்கட்டில் ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு போர்ஷன். ஆக நான்கு குடும்பம். மாடி போர்ஷனுக்கு நான் 9,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை இடித்துவிட்டு ஸ்டில்ட் பிளஸ் 4, அதாவது கீழே தூண் மட்டும் வைத்த கார் தளம், மேலே நான்கு மாடி என்று கட்டினார்கள். மாடிக்கு ஒரு வீடு, ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி. எண்ணிப் பாருங்கள், இப்போதும் நான்கு குடும்பம்தான். கட்டடம் வளர்ந்தது, குடும்பம் கூடவில்லை. ஏன் நான்கு? வீடு கட்டினால் விதிப்படி காருக்கு இடம் காட்ட வேண்டும், கீழே நான்கு கார்தான் நிற்கும். எத்தனை வீடு வரும் என்பதை எஃப்எஸ்ஐ முடிவு செய்வதில்லை, கார் பார்க்கிங் முடிவு செய்கிறது.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
அந்தப் பெரியவர் நான்தான். பெயர் போட்டே திட்டியிருக்கலாம், நான் ஓடி ஒளியவில்லை. 34 வருடம் கட்டடத் துறையில் இருந்தவன். தம்பிக்கு முதலில் கணக்கு. 40-க்கு 60 மனை, 2,400 சதுர அடி. 1.5 என்றால் 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800. கூடுதலாக வந்த 1,200 ஒரு முழு வீடு. மூன்று வீடு வந்த இடத்தில் நான்கு வருகிறது. இது பெருக்கம் இல்லையா? அப்புறம், ஒரு கிரவுண்ட் ஸ்டில்ட்டில் நான்கு கார்தான் நிற்கும் என்று யார் சொன்னது? ஆறு நிற்கும்.

ஸ்டில்ட் சேகர்:
சார், வணக்கம். நான் சின்ன பில்டர், மனைக்காரரோடு கூட்டாகக் கட்டும் ஜாயின்ட் வென்ச்சர் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்கிறவன். ஆறு எங்கே நிற்கும்? பக்கத்துக்கு 5 அடி விட்டால் மிச்சம் 30 அடி அகலம். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் காட்ட வேண்டும். மூன்று காரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 25 அடி போச்சு, மீதியைத் தூண் தின்றுவிடும். படிக்கட்டு, லிஃப்ட், ஈபி பேனல், மோட்டார் எல்லாம் எங்கே போகும், மொட்டை மாடிக்கா? நான்கு. கட்டாயப்படுத்தினால் நான்கரை. அரைக் கார் யாரும் வைத்திருக்கவில்லை.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
முன்னால் மூன்று, பின்னால் மூன்று. ஆறு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

மாம்பலம் மாமி:
பின்னால் இருக்கிற மூன்றும் எப்படி வெளியே வரும், பறந்தா? எங்கள் பிளாட்டில் இப்படித்தான் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டிருக்கிறது. மீட்டர் பாக்ஸ் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் முன் வரிசைக்காரர் சாவி தொங்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாளும் தொங்காது. காலை 6:40-க்கு மூன்றாம் மாடிப் பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பினால், இரண்டாம் மாடிக்காரர் வாயில் பிரஷ்ஷோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். காரைத் தெருவுக்கு எடுப்பார், அதற்குள் தண்ணி லாரி வந்து நிற்கும். போன மாசம் இதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று, நவராத்திரிக்குச் சுண்டல்கூட மேலே போகவில்லை.

தகவல் விரும்பி:
ஒரு சின்னச் சந்தேகம். ஒரே மனையில் பல குடும்பம் என்று பேசும்போது எதை எண்ணுகிறீர்கள்? போர்ஷன் வீடும் அதில் சேருமா, இல்லை பிளாட் மட்டுமா?

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
மாமி, உங்கள் பிளாட்டில் சாவி தொங்காதது எஃப்எஸ்ஐயின் குற்றம் இல்லை, உங்கள் சங்கத்தின் குற்றம். போன வருடம் லிஃப்ட் பராமரிப்புத் தொகை பற்றி இங்கே நடந்த சண்டையிலேயே அந்தச் சங்கத்தின் லட்சணம் தெரிந்தது. கார் ஆறு நிற்கும். நிற்பது வேறு, நகர்வது வேறு.

ஸ்டில்ட் சேகர்:
நகராத கார் எதற்கு சார், ஆயுத பூஜைக்கா?

ஆக்லாந்து அருள்:
எல்லாருக்கும் வணக்கம். நியூசிலாந்தில் 11 வருடமாக இருக்கிறேன். வாடகைவாசி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆக்லாந்தில் 2016-இல் புதிய நகரத் திட்டம் வந்தது. குடியிருப்பு நிலத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கில் முன்னைவிட அதிக வீடு கட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்த வருடம் சுமார் 10,000 வீடுகளுக்கு அனுமதி. 2022-இல் அது 20,000-ஐத் தாண்டியது. பெரும்பகுதி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், ஒரே மனையில் நான்கு, ஐந்து, ஆறு. அதோடு 2020-இல் நாடு முழுவதற்கும் வந்த நகர வளர்ச்சிக் கொள்கை, குறைந்தபட்சம் இத்தனை கார் நிறுத்துமிடம் என்று நகராட்சிகள் கட்டாயப்படுத்துவதையே நிறுத்தச் சொல்லிவிட்டது. இடம் வேண்டுமென்றால் கட்டுகிறவர் விட்டுக்கொள்ளலாம். சட்டம் வற்புறுத்தாது.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
வந்தாச்சு வெளிநாட்டு உதாரணம். தம்பி அருள், உங்கள் ஊரில் ஒரு மனைக்கு ஒரு வீடு, சுற்றிப் புல்வெளி என்று பல காலம் கட்டி வைத்தீர்கள், அதைத் தளர்த்தினீர்கள். சென்னையில் குடியிருப்பு மண்டலத்தில் பிளாட் கட்டக்கூடாது என்று எப்போது இருந்தது? 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானை எடுத்துப் பாருங்கள், முதன்மைக் குடியிருப்பு மண்டலத்திலேயே அடுக்குமாடி உண்டு. உங்களுக்கு வந்த காய்ச்சலுக்கு நான் ஏன் கஷாயம் குடிக்க வேண்டும்? அப்புறம் அந்த ஆக்லாந்து மனையில் எத்தனை கார் நிற்கும் என்று சொல்லவே இல்லையே.

வாடகைவாசி:
இதைத்தான் சார் நானும் சொல்கிறேன்! இங்கே பிளாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் வேறு வழியில் தடை இருக்கிறது. 4,800 சதுர அடியில் 550 சதுர அடி வீடாகப் பிரித்தால் எட்டு வரும். எட்டும் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்கு. ஆனால் எட்டு வீட்டுக்கு என்ன பார்க்கிங் காட்டுவது, சின்ன வீட்டுக்குச் சலுகை உண்டா இல்லையா என்று பில்டர் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட நான்கு பெரிய வீடு, நான்கு கார் என்று முடித்துவிடுகிறார். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மனைக்காவது கார் கணக்கை எடுத்துவிடுங்கள். எட்டுக் குடும்பம் வரும்.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
எட்டுக் குடும்பம் வரும், எட்டுக் காரும் வரும். எங்கே நிறுத்துவார்கள்? என் கேட் முன்னால். ஏற்கெனவே "கேட் முன் நிறுத்தாதீர்" என்று எழுதி, கீழே பூந்தொட்டி இரண்டு வைத்து, அதற்கும் மேல் ஒரு உடைந்த ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டூலை நகர்த்திவிட்டு நிறுத்துகிறார்கள். நீங்கள் பார்க்கிங் விதியை எடுத்தால் என் ஸ்டூலுக்கு யார் பாதுகாப்பு?

கோவைக் குசும்பு:
அண்ணா, ஸ்டூலுக்கு தனி எஃப்எஸ்ஐ வாங்கிடுங்க.

மதுரைவீதி:
ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம் உண்டு. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கிக் காட்ட வேண்டும். பாரத்தைக் கார் வாங்குகிறவன் தலையில் வைக்கிறார்கள். இங்கே கார் இல்லாதவன் வீட்டு விலையிலும் பார்க்கிங் காசு சேர்ந்து வருகிறது.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
இங்கே போலீசிடம் சான்று வாங்குவதா? பேஷ். நல்ல யோசனை. அதற்குத் தனியாக ஒரு ரேட் ஆரம்பிக்கும்.

ஸ்டில்ட் சேகர்:
எல்லாரும் பில்டரைப் போட்டுத் தாளிப்பதால் ஒன்று சொல்கிறேன். நான் மேற்கில் ஒரு குறுகிய தெருவில் ஒரு கிரவுண்ட் எடுத்தேன். எஃப்எஸ்ஐ 2 என்பது அங்கே காகிதத்தில்தான். தெரு அகலம் இல்லாததால் உயரம் கிடைக்கவில்லை, ஸ்டில்ட் பிளஸ் 3-ஓடு நின்றது. மாடிக்கு 1,200 என்றால் 3,600. பழைய 1.5-க்கே இது வரும். பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று கூடுதல் பரப்பைக் காசு கொடுத்து வாங்கலாமே என்பார்கள், 9 மீட்டர் ரோடாவது இருந்தால்தான் அந்தப் பேச்சே. நம் ஊரில் பழைய பேட்டை, தோட்டம் என்று முடிகிற இடங்களில் எத்தனை தெரு 30 அடி? இரண்டாவது, சின்ன வீடு கட்டிப் பார்த்தேன். மூன்று ஒரு-பெட்ரூம் போட்டேன். வந்தவர்கள் எல்லாம் கேட்ட முதல் கேள்வி "யுடிஎஸ் (நிலத்தில் நம் பங்கு) எவ்வளவு", இரண்டாவது "கார் பார்க் உண்டா". உண்டு என்றால்தான் உட்கார்ந்தார்கள். விதியை எடுத்தாலும் கஸ்டமர் விடமாட்டான். ஆனால் கார் நான்குதான் சார்.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
ஆறு.

மாம்பலம் மாமி:
எட்டுக் குடும்பம் என்கிறீர்களே, தண்ணி? 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டு வந்த ஊர் இது. நான் இரண்டு குடத்தோடு லாரிக்கு நின்றேன். குடும்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் குடத்தையும் ஏற்றிக் கொடுங்கள்.

கோவைக் குசும்பு:
எங்க ஊருக்கு வாங்க மாமி, சிறுவாணித் தண்ணி. உலகத்துலயே ருசியான தண்ணினு நாங்க சொல்லிக்குவோம்.

மாம்பலம் மாமி:
சொல்லிக்கொள்வீர்கள், தெரியும். போன வருடம் கல்யாணத்துக்கு வந்தபோது மண்டபத்தில் கேன் தண்ணிதான் கொடுத்தீர்கள்.

கோவைக் குசும்பு:
அது மண்டபக்காரன் குத்தம், சிறுவாணி குத்தம் இல்லீங்க.

வாடகைவாசி:
மாமி, ஊரை விட்டுத் தள்ளி 1,200 சதுர அடி கட்டினால் மட்டும் அந்தக் குடும்பம் தண்ணீர் குடிக்காதா? உள்ளே இடம் இல்லையென்றால் வெளியே போவார்கள். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள் எல்லாம் ஆசைக்கா போனார்கள்?

தகவல் விரும்பி:
போர்ஷன் வீடு சேருமா என்று கேட்டிருந்தேன்.

மாம்பலம் மாமி:
எங்கள் பிளாட்டையே இடித்துக் கட்டலாம் என்று பேச்சு ஓடுகிறது. 12 வீடு. 2022-இல் வந்த அடுக்ககச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும் என்று இருக்கிறதாம். எட்டுப் பேர் சரி என்றுவிட்டோம். ஒருத்தர் மட்டும் தன் பங்கு பார்க்கிங் முன் வரிசையில்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்கிறார். புதுக் கட்டடத்தில் கூடுதலாக எத்தனை வீடு வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மீட்டிங் இரண்டு மணி நேரமும் கார்தான்.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
பார்த்தீர்களா? மக்களே கார்தான் கேட்கிறார்கள். நான் சொன்னால் மட்டும் கசக்கிறது. உங்கள் பிளாட் எத்தனை கிரவுண்ட்?

மாம்பலம் மாமி:
மூன்று.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
18 கார்.

ஸ்டில்ட் சேகர்:
ஐயோ சார்.

ஆக்லாந்து அருள்:
விலை குறைகிறதா என்பதுதானே கேள்வி? கார் எண்ணிக்கையை விட்டுவிட்டு...

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
அங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தெருவை நடத்தாதீர்கள். எண்ணிக்கையைக் கிளப்பியது நானா? "நான்கு கார்தான் நிற்கும்" என்று முதல் பதிவிலேயே போட்டது அந்தத் தம்பி. அந்த ஒரு வரி தப்பென்றால் முழு வாதமும் தப்பு. எங்கள் கட்டடம் நானே நின்று கட்டியது, சரியாக ஒரு கிரவுண்ட். இப்போதே கீழே போய்ப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோவைக் குசும்பு:
எண்ணிட்டேன். வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, கவர் போட்டது ஒண்ணு, ஓரத்துல நீலம் ஒண்ணு. நாலு. நீலத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு டியோ ஸ்கூட்டர் சிக்கியிருக்குது, பாவம்.

ஸ்டில்ட் சேகர்:
கேட்டுக்கு வெளியே தெருவில் ஒரு கார் தெரிகிறதே சார், அது?

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
அது விருந்தாளி கார்.

மாம்பலம் மாமி:
பூந்தொட்டிக்கு முன்னால் நிற்கிறதே. ஸ்டூல் எங்கே?

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
என் மச்சினன் வந்திருக்கிறான், அவனுக்காக எடுத்து வைத்தேன். இதெல்லாம் விவாதமா? எங்கள் கட்டடத்தில் மொத்தம் ஆறு வீடு. இரண்டு பேர் கார் வாங்கவில்லை, அதனால் நான்கு நிற்கிறது. வாங்கியிருந்தால் ஆறும் நின்றிருக்கும்.

வாடகைவாசி:
ஆறு வீடா? ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டியிருக்கிறீர்களா? எத்தனை சதுர அடி சார்? அந்தக் கார் வாங்காத இரண்டு வீட்டில் ஏதாவது வாடகைக்கு வருமா?

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
650-லிருந்து 700 வரை. இரண்டில் ஒன்று தை மாதம் காலியாகிறது. ஆனால் பேச்சலருக்குக் கொடுப்பதில்லை. கார் வைத்திருப்பவருக்கும் கொடுப்பதில்லை, இடம் இல்லை.

ஸ்டில்ட் சேகர்:
சார், கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்:
படித்தேன். ஆறு நிற்கும்.